குட்டி பைக்குக்கு ரேஸ் வேடம்: எந்த வண்டியில் பொருந்தும்?

குட்டி பைக்கை ரேஸ் பைக்காக மாற்ற ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டிக்கரில்தான் தொடங்குகிறார்கள். முதலில் பிடித்த வீரரின் எண், அடுத்து அந்த அணியின் நிறம், பிறகு அதற்கேற்ற ஃபேரிங் (வண்டியை மூடும் வெளி உறை), எல்லாம் முடிவான பிறகு வண்டி. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. எந்த வேடம் பொருந்தும் என்பதை வண்டியும், வண்டிக்குள் சக்கரமும் முடிவு செய்கின்றன. ஃபேரிங்கை வெட்டலாம், ஒட்டலாம். சக்கரத்தின் அளவோடு பேரம் பேச முடியாது.

இன்றைக்கு அதிகம் பேர் கையில் எடுப்பது ஹோண்டா க்ரோம். 2013-இல் வந்த 125 சிசி வண்டி. சில நாடுகளில் எம்எஸ்எக்ஸ்125 என்று பெயர். அதன் முன் டயர் 120/70-12: அகலம் 120 மில்லிமீட்டர், உயரம் அதில் 70 சதவீதம், சக்கரம் 12 அங்குலம். பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்கில் இருப்பது 120/70-17. கணக்குப் போட்டால் பெரியதன் வெளிவிட்டம் சுமார் 600 மில்லிமீட்டர், சிறியது 473. அதாவது 79 சதவீதம். வீல்பேஸை, அதாவது இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தைப் பார்த்தால் பெரிய வண்டி 1400 மில்லிமீட்டரைத் தாண்டும், க்ரோம் சுமார் 1200. இது 85 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. உடம்பு கொஞ்சம் சுருங்க, சக்கரம் அதைவிட அதிகமாகச் சுருங்கிவிட்டது. ஃபேரிங் மாட்டிய க்ரோம் பலவற்றில் வண்டி சக்கரத்தின் மேல் மிதப்பது போலத் தோன்றுவது இதனால்தான்.

இன்னொரு கோளாறு பலர் கண்ணில் படுவதே இல்லை. டயரின் அகலத்தைப் பாருங்கள். பெரிய பைக்கில் முன்னால் 120, பின்னால் 190. க்ரோமில் முன்னால் 120, பின்னால் 130. பின் டயர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இளைத்துவிட்டது. முன் டயர் ஒரு மில்லிமீட்டர்கூட இளைக்கவில்லை. எவ்வளவு நேர்த்தியாகப் பெயிண்ட் அடித்தாலும் முன்பக்கம் வீங்கிய தோற்றம் போகாது. மினி ரேஸ்களில் ஓடுகிறவர்கள் முன்னால் 100/90-12, பின்னால் 120/80-12 போடுவது வழக்கம். அவர்கள் போடுவது பிடிமானத்துக்காக. நமக்கு அதில் தோற்றமும் இலவசமாகச் சரியாகிறது: முன் டயர் ஒல்லியாகிறது, விட்டமோ ஒரு சென்டிமீட்டர் கூடுகிறது. ஃபேரிங்குக்கு எடுத்து வைத்த பணத்தில் முதல் பங்கு டயருக்குப் போகட்டும்.

க்ரோமின் எதிரணியில் நிற்பவை 1980-களின் ஜப்பானியக் குட்டிகள். சுசுகி காக் 1986-இல் வந்தது: சுசுகியின் பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்கான ஜிஎஸ்எக்ஸ்-ஆரின் சாயல், 50 சிசி நான்கு ஸ்ட்ரோக், 10 அங்குலச் சக்கரம். அதே காலத்து யமஹா ஒய்எஸ்ஆர்50 காற்றால் குளிரும் இரண்டு ஸ்ட்ரோக், 12 அங்குலச் சக்கரம். 1987-இல் ஹோண்டா என்எஸ்ஆர்50 வந்தது. இவை வேடம் போட்ட வண்டிகள் அல்ல, தொழிற்சாலையிலிருந்தே ரேஸ் உடம்போடு பிறந்தவை. மூன்றில் என் ஓட்டு என்எஸ்ஆருக்கு. அதே 12 அங்குலச் சக்கரம்தான், ஆனால் வீல்பேஸ் க்ரோமைவிடக் குறைவு. டயரும் இயல்பிலேயே ஒல்லி. சக்கரமும் உடம்பும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்கின்றன. தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்பதால் முன்னால் உண்மையான ரேடியேட்டர் நிற்கிறது. தூரத்திலிருந்து எடுத்த படத்தில், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், பெரிய வண்டியா சின்ன வண்டியா என்று ஒரு கணம் திகைக்க வைக்கும். க்ரோமுக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பது அரிது.

அப்படியானால் என்எஸ்ஆர்தான் வாங்க வேண்டுமா? தோற்றம் ஒன்றே குறி என்றால் ஆம். ஆனால் வயதான இரண்டு ஸ்ட்ரோக்கோடு குடித்தனம் நடத்துவது தனிக் கலை. கார்புரேட்டரும் இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலும் கிக்கரும் தினமும் கவனிப்பு கேட்கும். தோற்றத்தை மாற்றுகிறவரின் கையைக் கட்டிப்போடும் ஒரு பாகமும் இருக்கிறது: எக்ஸ்பான்ஷன் சேம்பர். அந்த வயிறு வைத்த குழாய் வெறும் புகைக்குழாய் அல்ல. அதன் நீளமும் கூம்பின் சாய்வும் எந்த சுழற்சி வேகத்தில் எஞ்சின் உயிர் பெறும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சீட்டுக்கு அடியில் வால் வழியாகப் புகை விடலாமே என்று அதை இஷ்டத்துக்கு வளைத்தால், வண்டி அழகாக நிற்கும், ஓடாது. நான்கு ஸ்ட்ரோக்கில் இந்தக் கண்டிப்பு குறைவு. க்ரோமில் சைலன்சரை வயிற்றடியில் ஒளிக்கலாம், வாலுக்குள் ஏற்றலாம். பெயிண்டையும் சீட்டையும் வெப்பத்திலிருந்து காக்க ஒரு தகடு வைத்தால் போதும்.

க்ரோமின் சிக்கல் எஞ்சின் படுத்திருப்பது. சிலிண்டர் ஏறக்குறையத் தரைக்கு இணையாக முன்னோக்கி நீண்டிருக்கிறது. பெரிய ரேஸ் பைக்கில் நான்கு சிலிண்டர் நிற்கும் இடத்தில் இங்கே வெறும் காற்று. ஆகவே பாதி ஃபேரிங் இந்த வண்டிக்கு ஆகவே ஆகாது. மறுபக்கச் சுவர் தெரியும். முழு ஃபேரிங்கைக் கழுத்து வரை இழுத்து மூடிவிட வேண்டும். மூடினால் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு மூச்சு வேண்டும்: சிலிண்டர் தலைக்கு நேரே காற்று நுழைய ஒரு வாய், பக்கவாட்டில் வெளியேற ஒரு வழி. நுழைவாயிலை மட்டும் வைத்துவிட்டு வெளிவாயிலை மறப்பவர்கள் நிறைய. உள்ளே போன காற்று வெளியேற முடியாவிட்டால் புதிய காற்று எப்படி வரும்?

இதனால்தான் க்ரோமை இன்றைய மோட்டோஜிபி வண்டியாக மாற்றும் முயற்சிகள் எனக்குப் பெரும்பாலும் உறுத்துகின்றன. இன்றைய வண்டியின் அழகு அதன் இறக்கைகளிலும் மடிப்புகளிலும் ஊசி போன்ற வாலிலும் இருக்கிறது. அந்த மெலிவைத் தடித்த நடுச்சட்டத்தின் மேல் ஏற்றினால் இரவல் சட்டை போட்டது போல் ஆகிவிடும். 1980-களின் ரேஸ் பைக்குகளோ உருண்டை மூக்கும் பெரிய மூடிய பக்கங்களும் அகன்ற சீட்டு வாலும் கொண்டவை. அப்போதைய 500 சிசி வண்டிகளில் 16 அங்குல முன் சக்கரமும் சகஜம். சின்னச் சக்கரம் அந்த உருவத்தில் அந்நியமாகத் தெரியாது. இரட்டை வட்ட விளக்கு வைத்த, ஹோண்டாவின் 1980-களின் ரேஸ் வகைச் சாலை பைக்கான ஆர்சி30-இன் பாணியும் க்ரோமில் நன்றாக உட்காரும். விளக்கு வேண்டிய சாலை வண்டிக்கு அதுவே சௌகரியம்.

நிறத்துக்கும் இதே நியாயம்தான். ஹோண்டா வீரர் ஃப்ரெடி ஸ்பென்சர் 1985-இல் 250 சிசி, 500 சிசி இரண்டு உலகப் பட்டங்களையும் வென்றபோது இருந்த ராத்மன்ஸ் சிகரெட் விளம்பரத்தின் நீல-வெள்ளை, கென்னி ராபர்ட்ஸ் காலத்து யமஹாவின் மஞ்சளில் கறுப்புக் கட்டங்கள் ஆகியவை பெரிய பட்டைகளால் ஆனவை. சுருக்கினாலும் பட்டை பட்டையாகவே இருக்கும். இன்றைய அணிகளின் நிறத்தில் பாதி வேலையைச் செய்வது விளம்பரதாரர் பெயர்கள். அவற்றை 79 சதவீதத்துக்குச் சுருக்கி, அதையும் வளைவில் ஒட்டினால் எழுத்துகள் எறும்பு வரிசையாகிவிடும். சுருக்காமல் ஒட்டினால் அதைவிட மோசம்: வண்டி சின்னது என்பதை ஸ்டிக்கரே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது போட்டியாளர் பாக்கெட் பைக். 6.5 அங்குலச் சக்கரம், 40 முதல் 50 சிசி வரை இரண்டு ஸ்ட்ரோக், பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங்கே இல்லாத ஃபோர்க். வாலன்டினோ ரோஸி உட்படப் பல இத்தாலிய வீரர்கள் இந்த வகையில்தான் சிறுவயதில் ஓட்டப் பழகினார்கள். நிறுத்தி வைத்துப் பார்த்தால் விகிதம் பரவாயில்லை. ஆள் ஏறியவுடன் வேடம் கலைந்துவிடும். இதில் ஃபேரிங் கிட் வாங்கிக் காசு செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல பெயிண்ட் அடித்து அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தலாம், அல்லது அடைத்த பாதையில் ஓட்டலாம். ஒஹ்வாலே போன்ற தனி மினி ரேஸ் வண்டிகள் இந்த ஒப்பீட்டுக்குள் வராதவை. அவை ரேஸ் பைக் போல இருப்பவை அல்ல, ரேஸ் பைக்குகளே.

வண்டி முடிவானால் அடுத்த சண்டை ஃபைபரா (கண்ணாடி இழை), ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா, முப்பரிமாண அச்சா என்பது. அச்சில் வார்த்த ஏபிஎஸ் கிட் துளைக்குத் துளை பொருந்தும், கீழே விழுந்தால் வளைந்து கொடுக்கும். ஆனால் உங்கள் வண்டிக்கு, உங்கள் மனதில் உள்ள உருவத்தில் கிடைத்தால்தான் உண்டு. ஃபைபர் எந்த உருவத்திலும் கிடைக்கும், நீங்களே வார்க்கவும் முடியும். விலையாக உழைப்பைக் கேட்கும். பட்டி பார்க்க வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் மலிவான பிஎல்ஏ இழையில் மூக்கையே அச்சடித்துவிடுகிறார்கள். அது 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும் பொருள். எஞ்சின் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அடர் நிறம் பூசி வெயிலில் நிறுத்தினால் மூக்கு தொங்கும். அச்சடித்ததை மூல உருவாக வைத்து, அதன் மேல் ஃபைபர் அச்சு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஃபைபரில் விரிசல் எங்கே தொடங்கும் என்பதற்கு ஜோசியம் வேண்டாம். திருகு துளையில்தான். ஒற்றை சிலிண்டர் அதிரும். திருகை இறுக்க இறுக்கத் துளையின் விளிம்பில் முடி போன்ற கோடு விழும், அது பெயிண்டுக்கு மேலே வந்து சேரும். துளையைத் திருகைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டு, ரப்பர் புஷ் வைத்து, அகல வாஷரோடு விரலுக்கு அடங்கும் இறுக்கத்தில் நிறுத்துங்கள். உட்புறம் துளையைச் சுற்றி இன்னும் இரண்டு அடுக்கு கண்ணாடி இழைப் பாய் ஒட்டினால் கோடு வராது. ரேஸ் பைக்கில் இருப்பது போன்ற, கால் சுற்று திருப்பினாலே கழலும் பூட்டுத் திருகு போட்டால் பார்க்கவும் ரேஸ், கழற்றவும் சுலபம்.

பெயிண்டா வினைலா என்றால், அடிநிறம் பெயிண்ட், எழுத்து வினைல் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. குட்டி ஃபேரிங்கில் எல்லா வளைவும் இறுக்கமான இரட்டை வளைவு. முழுவதும் வினைல் சுற்றினால் மூலைகளில் சுருக்கம் விழும், சில வாரங்களில் ஓரம் எழும்பும். ஒளிரும் சிவப்பு, ஒளிரும் ஆரஞ்சு அடிப்பதென்றால் அடியில் சுத்தமான வெள்ளை இருந்தே ஆக வேண்டும். சாம்பல் பிரைமர் மேல் நேரே அடித்தால் செங்கல் நிறம்தான் கிடைக்கும். அந்த நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதால் மேலே புற ஊதாத் தடுப்புள்ள, பெட்ரோலுக்குக் கரையாத, கடினமாக்கியோடு கலந்து அடிக்கும் வார்னிஷ் தேவை.

இவ்வளவும் ஆன பிறகு, பெயிண்டுக்கு அனுப்புவதற்கு முன்பே, வெற்று ஃபைபரை மாட்டி ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாக மாட்டும் கிளிப்-ஆன் ஹேண்டில் தாழ்வு என்பதால் பிரேக் ஆயில் டப்பா ஃபேரிங்கின் உள்விளிம்பில் இடிக்கும், விரல் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே நசுங்கும். ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மட்கார்டு மூக்கைத் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இடிக்கும் இடத்தில் ஃபைபரை அரத்தால் தேய்ப்பதா, ஹேண்டில் திரும்பும் கோணத்தைக் குறைப்பதா என்று கேட்டால், தயங்காமல் ஃபைபரைத் தேய்யுங்கள். கோணத்தைக் குறைத்தால் குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பும்போது கால் ஊன்ற நேரும். தவறி விழுந்தால் முதலில் அடிபடுவது அந்தப் புதுப் பெயிண்ட்தான்.