தண்டையார்பேட்டை விஸ்காம் டியூஷன்: என் அனுபவம்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்கான டியூஷன் இது. ஞாயிறு காலை, ஒரு மாடி அறையில் நடக்கிறது. மாதம் 800 ரூபாய். கல்லூரியில் எனக்குப் புரியாத 'பார்வையாளர்' பாடம் (டிவி, சினிமா பார்ப்பவர்களைப் பற்றியது) இங்கேதான் புரிந்தது.

சார் முதலில் எங்கள் வீடுகளையே கணக்கெடுக்கச் சொன்னார். வீட்டுச் செலவுக்கு அதிகம் தருபவரின் படிப்பு ஒன்று; ஃபேன், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ் என 11 பொருள்களில் எத்தனை இருக்கின்றன என்பது இன்னொன்று. இந்த இரண்டை வைத்து மேல்தட்டு ஏ1 முதல் அடித்தட்டு இ3 வரை 12 பிரிவுகள். விளம்பரக்காரர்கள் நம்மை இப்படித்தான் பிரிக்கிறார்களாம். காசிமேட்டில் மீன் விற்கும் என் அம்மா எந்த நடிகை பொய்யாக அழுகிறாள் என்று சட்டென்று சொல்லிவிடுவார். அது எந்தக் கட்டத்தில் வரும்?

அப்புறம் வடசென்னை ரவுடிகள் பற்றிய ஒரு டிவி செய்தியைப் போட்டுக் காட்டினார். வெளியூர்த் தோழி அப்படியே நம்பினாள். வியாசர்பாடித் தம்பி, "சம்பவம் உண்மைதான் சார், ஆனா தினமும் இப்படி இல்ல" என்றான். எனக்குக் கோபம். "ரவுடி செய்தியில மீன் ஐஸ் பெட்டி தூக்குறவங்க முகத்தை எதுக்குக் காட்டுறாங்க?" என்று கேட்டேன். சார் போர்டில் 'ஸ்டூவர்ட் ஹால், 1973' என்று எழுதி, ஒரே செய்தியைப் பார்ப்பவர்கள் மூன்று விதமாகப் புரிந்துகொள்ளலாம் என்று அந்த ஆண்டு சொன்ன பிரிட்டன் ஆய்வாளர் அவர் என்றார். ஏற்பு (அப்படியே நம்புவது), பேரம் (பாதி ஏற்பது), எதிர்ப்பு என அந்த மூன்று வாசிப்புகளுக்கு நேரே எங்கள் மூவர் பெயரையும் எழுதினார்.

நோட்ஸ் முழுக்க ஆங்கிலம். அதைத் தமிழிலும் தர வேண்டும். மற்றபடி தயங்காமல் சேரலாம்.