புழக்கடை கேஸ் தொட்டியும் குளத்துத் தாமரையும்: 14 மாத அனுபவம்

கோவை சிங்காநல்லூர் குளத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. அந்த ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான், சமையல் கழிவிலிருந்து அடுப்பெரிக்க கேஸ் தரும் இந்தத் தொட்டியை விற்பவர் எங்களுக்கு விற்றார். "கரையில குவிச்சுக் கிடக்குற தாமரையை அள்ளி வெட்டிப் போடுங்க சார், சிலிண்டரையே மறந்துடலாம்" என்றார். 14 மாதம் ஆகிறது, சிலிண்டர்காரர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார். முன்பு மாதிரி அடிக்கடி வருவதில்லை, அவ்வளவுதான்.

அவர் தாமரை என்றது, பேப்பரில் ஆகாயத்தாமரை என்று போடுகிறார்களே, அந்தச் செடியைத்தான். அந்தப் பெயர் உண்மையில் குட்டி முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கும் வேறொரு செடிக்கு உரியது. ஊதாப் பூவும், வெங்காயம் போல உப்பிய காம்புமாக நம் குளங்களை மூடிக் கிடப்பது வெங்காயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. சாக்கடைத் தண்ணீர் கலந்த குளம் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும்.

நாங்கள் வாங்கியது ஒரு கன மீட்டர் தொட்டி. பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் அதைவிடச் சற்றுச் சின்னதைக் கவிழ்த்துப் போட்டிருக்கும். கேஸ் சேரச் சேர மேல் தொட்டி எழும்பும், எரிக்க எரிக்க இறங்கும். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களிலிருந்து ஊர் ஊராகப் பரப்பிய சாண எரிவாயுக் கலனின் அதே அமைப்புதான். அதைச் சுருக்கி, சாணத்துக்குப் பதில் மிச்சச் சோறு போடும்படி செய்த புனேயின் ஆர்த்தி (ARTI) நிறுவனத்துக்கு 2006இல், தூய எரிசக்தி முயற்சிகளுக்குத் தரும் ஆஷ்டன் விருது கிடைத்தது. அதனால் தொழில்நுட்பத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மொட்டை மாடியில் வைக்கலாம் என்று சொன்னார்கள், தயவுசெய்து வைக்காதீர்கள். நிரம்பிய பிறகு ஒரு டன்னுக்கு மேல் எடை, எங்கள் வீட்டு மாடிக்கு அது ஆகாது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார், புழக்கடையில் தளம் போட்டு வைத்தோம்.

முதலில் சாணத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்தாவது நாள் மேல் தொட்டி எழும்பியதும் குடும்பமே அடுப்பைச் சுற்றி நின்றோம், தீக்குச்சிதான் அணைந்தது. முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, எரியாது, திறந்துவிட்டுவிட வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவே இல்லை. மூன்றாவது வாரம் நீலச் சுடர் வந்தது. "சாக்கடைக் காத்துல சோறு பொங்கறதா" என்று முகம் சுளித்த அம்மா, இப்போது காலைக் காப்பி, பருப்பு, குளிக்கச் சுடுதண்ணீர் எல்லாம் அதில்தான் வைக்கிறார். சுடரில் நாற்றம் இல்லை. எரிக்காமல் திறந்துவிட்டால் அழுகிய முட்டை வாடை வரும். அதற்குக் குழாய் நடுவே ஒரு பாட்டிலில் லேத் பட்டறை இரும்புச் சுருளை அடைத்து வைத்தேன், துருப்பிடித்த சுருள்தான் நன்றாக வேலை செய்கிறது. நம்ம ஊரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்?

சரி, தாமரைக்கு வருகிறேன். குளத்தைச் சுத்தம் செய்து கரையில் போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு மாதம் விடாமல் தினம் பத்து கிலோ, எங்கள் வீடும் பக்கத்து வீடும் சேர்ந்து தரும் மூன்று நான்கு கிலோ சமையல் கழிவுக்கு மேல், பொடியாக நறுக்கிச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். நறுக்க முக்கால் மணி நேரம். கூடுதலாக அடுப்பு எரிந்ததோ கால் மணி நேரம்! காரணம் எளிது. பத்து கிலோ செடியில் ஒன்பது கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர், மிச்சம் இருப்பதும் நார், அது கரைய நாளாகும். ஒரு நாள் வெயிலில் வாட்டி எடுத்தால் தூக்குகிற பாரம் குறைகிறது, கேஸ் ஒன்றும் கூடவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, நார் மேலே மிதந்து பாய் மாதிரி படிந்து மேல் தொட்டியை எழும்ப விடாமல் பிடித்துக்கொண்டதுதான். தினமும் தொட்டியைப் பிடித்து இடமும் வலமும் திருப்பி அந்தப் படலத்தை உடைக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை ஊற்றும் குழாய் அடைத்து மூங்கில் குச்சி விட்டுக் குத்தினேன்.

வேரைப் போடவே போடாதீர்கள். ஈயம், குரோமியம், காட்மியம் எல்லாம் இந்தச் செடி வேரில்தான் அதிகம் சேர்த்து வைக்கும், பட்டறைக் கழிவு கலக்கிற குளம் என்றால் கேட்கவே வேண்டாம். நுண்ணுயிர் சோற்றைத் தின்னும், உலோகத்தைத் தின்னாது, அது அப்படியே வெளியே வரும் கழிவுநீரில் இருக்கும். வேரை வெட்டி எறிந்துவிட்டுத்தான் போட்டேன், இருந்தும் அந்த மாதத்துக் கழிவுநீரைக் கீரைப் பாத்திக்கு விடவில்லை, செம்பருத்திக்கு ஊற்றினேன். வெறும் சமையல் கழிவு போடும்போது வருவது அருமையான உரம், முருங்கை பார்க்க வேண்டும் நீங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். தங்கை வளைகாப்பு முடிந்து மிஞ்சிய சாதம், பாயசம் என்று இரண்டு வாளியை ஒரே நாளில் கொட்டினேன். நான்காம் நாள் சுடர் செத்துவிட்டது, தொட்டி புளித்த மாவு மாதிரி நாறியது. உள்ளே அமிலம் ஏறி, மீத்தேன் உண்டாக்குகிற நுண்ணுயிர் படுத்துவிட்டது. விற்றவருக்குப் போன் போட்டேன், "ஆள் அனுப்புறேன்" என்றார், இன்றுவரை ஆள் வரவில்லை. பத்து நாள் ஒன்றும் போடாமல், நடுவில் இரண்டு தடவை சாணம் மட்டும் கரைத்து ஊற்றித் தேற்றினேன். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு இவை எப்போதுமே கூடாது. மார்கழிக் குளிரிலும் கேஸ் நன்றாகக் குறையும், அதை அழுதாலும் மாற்ற முடியாது.

கணக்கு என்னவென்றால், 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு 35 நாள் வந்துகொண்டிருந்தது, இப்போது இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. அந்த மிச்சம் முழுக்கச் சோறும் காய்கறித் தோலும் கொடுத்தது. அடுப்போடு சேர்த்து 28,000 ரூபாய் கொடுத்தேன், வீட்டில் கழிவு அதிகம் விழுகிறவர்களுக்கும், மெஸ், டிபன் கடை வைத்திருப்பவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். குளத்துத் தாமரையை நம்பி வாங்குவதாக இருந்தால், முதலில் பத்து கிலோவை அரிவாள்மனையில் நறுக்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அப்புறம் அடுப்பு. அவர்கள் தருவது ஒற்றை பர்னர்தான், பழைய கேஸ் ஸ்டவ்வை இதில் மாட்டிப் பார்க்காதீர்கள், துளை சின்னது, சுடர் நிற்காது. மேல் தொட்டி மீது நான்கு செங்கல் ஏற்றி வைத்தால் அழுத்தம் கூடிச் சுடர் கொஞ்சம் வீரியமாக வரும். அடுப்புக்கு கேஸ் வரும் குழாயை ஒரு வருடத்தில் மாற்றிவிட்டேன், வெயிலில் வெடிப்பு விட்டிருந்தது.