ராமுனே, மோகு மோகு, மில்கிஸ்: பொள்ளாச்சித் திண்ணையில் ஒரு குடி

மாமன் மகன் கோயம்புத்தூரில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்தால் சும்மா வரமாட்டான். இந்தத் தடவை ஜப்பான் ராமுனே, தாய்லாந்து மோகு மோகு, கொரியாவின் மில்கிஸ் என்று மூன்று குளிர்பானங்கள். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டுத் திண்ணை, சித்திரை வெயில், மூன்றும் ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. கொடுத்த காசுக்கு ஒரு வாரம் இளநீர் குடித்திருக்கலாம், அது வேறு கதை.

ராமுனேதான் ஜெயிக்கும் என்று நினைத்தேன், ஏனென்றால் பாட்டில் அப்படி. கூட வரும் பிளாஸ்டிக் குமிழை வாயில் வைத்து உள்ளங்கையால் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினால் கோலி உள்ளே விழுந்து, நுரை பொங்கி, வேட்டியெல்லாம் பிசுபிசுப்பு. அட, இது நம்ம கோலி சோடா! ஒப்புக்குச் சொல்லவில்லை, 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய பாட்டிலின் வாரிசுகள்தான் இரண்டும். உள்ளே அடைபட்ட வாயுவே கோலியை மேலே தள்ளிக் கழுத்தை அடைத்துக்கொள்ளும். ராமுனே என்ற பெயரும் லெமனேட் என்ற சொல் ஜப்பானியர் வாயில் புரண்டு வந்ததுதான். கழுத்தில் உள்ள குழி கீழ்ப்பக்கம் வரும்படி சாய்த்தால் கோலி அதில் உட்கார்ந்துகொள்ளும், வழி விடும். பாதி காலியான பிறகுதான் இது எங்களுக்கு விளங்கியது. சுவை? லிச்சி என்று போட்டிருந்தது. மிட்டாய் கரைத்த தண்ணீர், அவ்வளவுதான். நம்ம ஊர்ப் பன்னீர் சோடாவுக்கு வாசமாவது இருக்கிறது.

மோகு மோகுவில் வாயு கிடையாது. பழரசத்துக்குள் மெல்லுவதற்குச் சின்னச் சின்னத் துண்டுகள், பேர் நாட்டா டி கோகோ. தேங்காய்த் தண்ணீரில் ஒரு வகை பாக்டீரியாவை வளரவிட்டால் மேலே ஆடையாகத் திரளும், அதை வெட்டியதுதான் இது, பிலிப்பைன்ஸ்காரர்களின் வேலை. கொப்பரைக் களத்தில் தேங்காய்த் தண்ணீர் வாய்க்காலாக ஓடுகிற ஊரில் உட்கார்ந்து அதையே காசு கொடுத்து மென்றோம். நுங்கு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், இது கொஞ்சம் நறுக்கென்று கடிபடும். குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்குத் தித்திப்பு அதிகம்.

மில்கிஸ்தான் ஆளை அசத்தியது. லோட்டே நிறுவனம் 1989இல் கொண்டுவந்தது. பால் சேர்த்த சோடா, எங்களுக்குக் கிடைத்தது முலாம்பழம். பாலில் வாயுவா என்று முகம் சுளித்துத்தான் குடித்தேன், ஆனால் லேசான புளிப்பு, அப்புறம் பழ வாசம், கடைசியில் நாக்கில் வழவழப்பு, இந்த வரிசை நம்ம ஊரில் எந்த பாட்டிலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அமுச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, "பாலு திரிஞ்சு போச்சாட்ட இருக்குது கண்ணு" என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, ஜில்லென்று இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அரை மணி நேரம் வெயிலில் நின்ற மிச்சத்தைக் கழனித் தொட்டியில்தான் ஊற்றினோம், எருமை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.