பல்லு போன இடத்துல என்ன வைக்கிறது? செட்டா, பிரிட்ஜா, இம்பிளான்ட்டா?

கீழ வரிசையில கடைவாய்ப் பல்லு ஒண்ணு போனப்போ சிரிச்சா வெளிய தெரியாதேன்னு ரெண்டு வருஷம் அப்படியே விட்டுட்டேன். அதுக்குள்ள பின்னாடி பல்லு காலி இடத்துப் பக்கம் சாஞ்சிடுச்சு, மேல இருந்த பல்லு எதிர்ல கடிக்க ஆள் இல்லாததால கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிடுச்சு. எலும்பு கதை தனி. பல்லு எடுத்த முதல் வருஷத்துலயே அந்த இடத்து எலும்போட அகலம் கிட்டத்தட்ட பாதி குறைஞ்சு போகலாம், அப்புறமும் மெதுவா கரைஞ்சுட்டேதான் இருக்கும். அதனால எதைச் செய்யுறதுன்னாலும் சீக்கிரம் யோசிக்கணும்.

முதல்ல கழட்டி மாட்டுற செட்டு. செலவு கம்மி, எலும்பைத் தொட வேண்டாம், பல்லைப் பெருசா ராவ வேண்டாம், ஒரே செட்டுல நாலஞ்சு இடத்தை நிரப்பிடலாம். அக்ரிலிக் பிளாஸ்டிக்ல பண்றது தடிமனா இருக்கும், கோபால்ட் குரோமியம் உலோகத்துல பண்றது மெலிசா உறுதியா இருக்கும், கொக்கி தெரியக்கூடாதுன்னா வளையுற நைலான்ல ஒண்ணு இருக்கு ஆனா அது உடைஞ்சா ஒட்ட வைக்கிறது கஷ்டம். ராத்திரி கழட்டி தண்ணியில போட்டு வைக்கணும், காய விட்டா வளைஞ்சு போகும். எலும்பு கரையக் கரைய செட்டு லூஸாகும், உள்பக்கம் மறுபடி பூசி சரி பண்ணனும். ஒரே ஒரு பல்லுக்காக இதை வாழ்நாள் பூரா வாயில தூக்கிட்டு அலையுறது எனக்குத் தேவையில்லாத வேலையாத்தான் படுது, ஆனா இடைக்காலத்துக்கு இதுதான் கைகொடுக்கும்.

அடுத்து பிரிட்ஜ். நான் மாட்டிக்கிட்டது இதுலதான். ரெண்டு பக்கத்துப் பல்லையும் சுத்தி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ராவி, தொப்பி மாதிரி கேப் மாட்டி, நடுவுல பொய்ப் பல்லைத் தொங்க விடுவாங்க. ரெண்டு மூணு வாரத்துல வேலை முடிஞ்சிடும், கழட்ட வேண்டாம், கடிக்க நல்லா இருக்கும், முதல் அஞ்சாறு வருஷம் நான் எல்லார்கிட்டயும் பிரிட்ஜ் போடுங்கன்னு சொல்லிட்டு திரிஞ்சேன். பொய்ப் பல்லுக்கு அடியில சாதா ஃப்ளாஸ் (பல் இடுக்கைச் சுத்தம் பண்ற நூல்) நுழையாது, ஊசி மாதிரி நுனி உள்ள ஃப்ளாஸ் இல்லன்னா சின்ன பிரஷ் போட்டு தினமும் அழுக்கை எடுக்கணும், அதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லல, நானும் கேட்டுக்கல. ஒன்பதாவது வருஷம் கேப்புக்கு அடியில சொத்தை. அது ஏற்கெனவே ரூட் கெனால் பண்ணின பல்லு, நரம்பு கிடையாது, வலியே தெரியல. ஆடுறப்போதான் தெரிஞ்சுது. ஒரு பல்லுக்கு வழி பண்ணப் போய் ரெண்டாவது பல்லும் போச்சு.

பிரிட்ஜே தப்புன்னு சொல்ல வரல. பக்கத்துப் பல்லு ரெண்டுக்கும் ஏற்கெனவே கேப் போட வேண்டிய நிலைமைன்னா பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம். அந்த ரெண்டும் முழுசா ஆரோக்கியமா இருந்து அதைப் போய் ராவுறதுதான் எனக்கு மனசு வராது, ஒரு தடவை ராவின எனாமல் திரும்ப வளராது. முன் பல்லுன்னா இன்னொரு வழி இருக்கு, பக்கத்துப் பல்லுக்குப் பின்னாடி சின்ன இறக்கை மாதிரி ஒட்டுற மேரிலேண்ட் பிரிட்ஜ், ராவுறது ரொம்பக் கம்மி. எப்பவாவது ஒட்டு விட்டுப் போகும், திரும்ப ஒட்டிக்கலாம்.

இம்பிளான்ட்டுன்னா டைட்டானியம் ஸ்க்ரூவை தாடை எலும்புல இறக்கி, அதுமேல பல்லு வைக்கிறது. ஸ்வீடன்ல பிரோனேமார்க்னு ஒரு டாக்டர் முயல் எலும்புக்குள்ள டைட்டானியம் கருவி வச்சு ஆராய்ச்சி பண்ணப்போ கடைசியில அதைக் கழட்டவே முடியலையாம், எலும்பு அதைப் புடிச்சிக்கிச்சு. அதை வச்சு 1965-ல முதல் ஆளுக்குப் போட்டாரு, அது அந்த ஆளுக்கு 40 வருஷம் உழைச்சிருக்கு. பக்கத்துப் பல்லைத் தொடவே மாட்டாங்க, சொத்தையும் வராது. ஆனா ஈறு நோய் வரும், இதைப் பாதிப் பேரு கேட்டுக்கிறதே இல்ல. சுத்தம் பண்ணாம விட்டா சுத்தி இருக்கிற எலும்பு சத்தமில்லாம கரைஞ்சு நல்ல ஸ்க்ரூவே ஆடிடும். எலும்பு புடிக்க மூணுலேர்ந்து ஆறு மாசம், எலும்பு பத்தலைன்னா அதை நிரப்ப இன்னும் சில மாசம். சிகரெட், கட்டுக்குள்ள இல்லாத சுகர், தாடைக்குக் கதிர்வீச்சு வாங்கினவங்க, எலும்பு பலவீனமாகுற நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) சில வகை மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவங்க, இதெல்லாம் முன்னாடியே வாயைத் திறந்து சொல்லிடணும்.

எல்லாப் பல்லும் போனவங்களுக்குக் கணக்கே வேற. மேல் செட்டு அண்ணத்துல ஒட்டி நிக்கும், கீழ் செட்டுதான் நாக்கு அசைஞ்சாலே கிளம்பிடும். கீழ ரெண்டே ரெண்டு இம்பிளான்ட் போட்டு அதுமேல செட்டை பட்டன் மாதிரி மாட்டுற முறை இருக்கு, 2002-ல மான்ட்ரியால்ல கூடின நிபுணர்கள் பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாச் சொன்னாங்க. வாய் நிறைய ஸ்க்ரூ வேணும்னு அவசியமில்ல.

சும்மா விடுறதும் ஒரு வழிதான். ஞானப் பல்லு போனா யாரும் கட்டுறதில்ல, அதுக்கு முன்னாடி இருக்கிற கடைசிப் பல்லு போனாலும் மெல்லுறதுக்குத் தொந்தரவு இல்லன்னா பல பேருக்கு விட்டுடலாம்னு டாக்டர்களே சொல்றாங்க. எனக்கு இப்போ ரெண்டு இடம் காலி, இம்பிளான்ட் ஸ்க்ரூ இறக்கி நாலாவது மாசம் ஓடுது, அடுத்த மாசம் எக்ஸ்ரே பாத்துட்டு அதுமேல பல்லு வைக்கிறாங்க. அதுவரைக்கும் மெல்லுறது எல்லாம் ஒரே பக்கம்தான்.