முதல் பாட்டு வெளியிட்டதும் வருகிற அந்த மெசேஜ்: புதிதாகப் பாடுகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடி வெளியிடுகிறவர்கள் யாராக இருந்தாலும், முதல் பாட்டு வந்த சில நாட்களிலேயே ஒரு மெசேஜ் வந்துவிடும். "உங்க பாட்டு கேட்டோம், வாய்ஸ் ரொம்பத் தனியா இருக்கு, ஆனா போய்ச் சேர வேண்டியவங்ககிட்ட சேரல, அதை நாங்க பார்த்துக்கறோம்" என்கிற மாதிரி. எனக்கும் வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, விவகாரம் இன்னும் முடியாததால் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் எதுவாக இருந்தாலும் இவர்கள் வேலை செய்கிற விதம் ஒன்றுதான், அதனால் அந்த விதத்தை முழுசாக எழுதிவிடுகிறேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், என் முதல் பாட்டே இப்போது என் கையில் இல்லை.

முதலில் அவர்கள் விற்றது பிளேலிஸ்ட் ப்ரமோஷன். பெரிய பிளேலிஸ்ட் வைத்திருப்பவர்களோடு தங்களுக்குத் தொடர்பு இருக்கிறது, இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் கட்டாயம் வரும், எழுதியே தருகிறோம் என்றார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட இனிப்பான பேச்சு கிடையாது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் நாம் பார்க்கிற எண்கள் அவ்வளவு சின்னவை. ஸ்பாட்டிஃபையில் 2024 தொடக்கத்திலிருந்து, கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 ஸ்ட்ரீம் வராத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை எனக்கு முதலில் சொன்னதே இந்த நிறுவனத்தின் ஆள்தான். "சிஸ்டர், ஆயிரம் தாண்டலைன்னா உங்க பாட்டு கணக்குலயே வராது" என்று பயமுறுத்திவிட்டு, அந்தப் பயத்துக்கு மருந்தும் தானே விற்றார்.

பணம் கட்டிய கொஞ்ச நாளில் ஸ்ட்ரீம் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. படிப்படியாக இல்லை, கோடு நிமிர்ந்து நின்றது. எனக்குக் கிடார் வாசிக்கிற நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து கலைஞர் கணக்கின் பக்கத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, ஆனால் பாட்டைச் சேமித்து வைத்தவர்கள் அநேகமாக யாருமில்லை. பின்தொடர்பவர்கள் எண்ணிக்கை அசையவே இல்லை. ஊர்வாரியாகப் பார்த்தால் பெரும்பங்கு ஒரே ஒரு நகரத்திலிருந்து, அந்த நகரத்தில் என் மொழி பேசுகிறவர்களே அபூர்வம். அப்புறம் என் பெயருக்குக் கீழே, இந்த ரசிகர்கள் வேறு யாரைக் கேட்கிறார்கள் என்று காட்டுகிற வரிசை இருக்கிறதே, அதில் வந்து நின்றவை மழைச் சத்தம், தூங்க வைக்கிற சத்தம், எழுத்துக்களைக் கலைத்துப் போட்டது போன்ற அர்த்தமில்லாத பெயர்கள். முன்னால் அங்கே என்னைப் போலவே சின்ன அளவில் பாடுகிற நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வழி அடைந்துபோனது.

இதுதான் பலருக்குப் புரிவதில்லை. போலியாகக் கேட்க வைப்பது வெறும் வீண்செலவு என்று நினைக்கிறார்கள், அது பாட்டையே கெடுக்கிறது. ஒரு பாட்டை யாரிடம் கொண்டு போகலாம் என்று அந்தத் தளங்கள் முடிவு செய்வதே, அதைக் கேட்டவர்கள் வேறு என்ன கேட்டார்கள், சேமித்தார்களா, பாதியில் தாண்டிப் போனார்களா என்பதை வைத்துத்தான். மென்பொருள் கேட்டால் அது எதையும் சேமிக்காது, திரும்பித் தேடி வராது. உண்மையான மனிதர்கள் கொஞ்சம் பேர் விரும்பிக் கேட்ட பாட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய அடையாளம் அந்தக் குப்பைக்கு நடுவில் காணாமல் போய்விடும்.

அதே எண்ணிக்கையை வைத்துத்தான் அவர்கள் அடுத்த வேலையைத் தொடங்கினார்கள், எனக்கு இன்னும் கோபம் ஆறாத இடம் இதுதான். "பாத்தீங்களா, பாட்டு பிடிச்சிருச்சு, இப்போ விட்டா அவ்வளவுதான், நம்ம ஆர்ட்டிஸ்ட் டெவலப்மென்ட் திட்டத்துல சேர்ந்துடுங்க" என்று ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். தாங்களே உண்டாக்கிய போலி எண்ணையே, எனக்கு ரசிகர்கள் வந்துவிட்டதற்குச் சாட்சியாகக் காட்டினார்கள். போனில் சொன்னது: அடுத்த பாட்டுக்கு ஸ்டூடியோ செலவு, வீடியோ செலவு எல்லாம் அவர்களுடையது, பாட்டு எப்போதும் என்னுடையது, வெறும் விளம்பர உரிமை மட்டும் அவர்களுக்கு. தாளில் வந்தது வேறு. அதுவும் நெருக்கடியான நேரம் பார்த்து அனுப்பினார்கள், இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் ஒதுக்கி வைத்த இடம் போய்விடும் என்றார்கள்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று விளக்குவதற்கு முன் ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி ஆபத்து குறையும். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் சேர்ந்த ஆக்கம் ஒன்று. அந்த ஆக்கத்தைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், இன்னொன்று. முதலாவது எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரியது. இரண்டாவது யார் பெயரில் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். "பாட்டு உங்களோடதுதான்" என்று வாயால் சொல்கிறவர் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். என்னிடம் சொன்னவர் ஆக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு சொன்னார், மாஸ்டர் முழுவதையும், ஏற்கெனவே என் செலவில் பதிவாகி வெளிவந்துவிட்ட முதல் பாட்டையும் சேர்த்து, காலவரையின்றித் தங்களுக்கு மாற்றிக்கொள்கிற வரி ஏழாவது பக்கத்தில் 'வரையறைகள்' என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது. உரிமை மாற்றத்தை வரையறைகளுக்குள் வைப்பதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? படிக்கிறவர் கண்ணில் படக்கூடாது என்பதுதான்.

செலவு அவர்களுடையது என்று சொன்னார்களே, அதன் கணக்கையும் பாருங்கள். செலவு முழுவதும் 'ரீகூப்' செய்யப்படும், அதாவது திரும்பப் பிடித்துக்கொள்ளப்படும், அதுவும் என் பங்கிலிருந்து மட்டும். என் பங்கு 20 சதவீதம். அவர்கள் 100 செலவழித்தால், அந்த நூறு என் இருபதிலிருந்து கழிய வேண்டும் என்றால் பாட்டு 500 சம்பாதித்தாக வேண்டும். அதுவரை எனக்கு ஒன்றும் வராது, ஆனால் அவர்களுக்கு அவர்களுடைய 400-ம் வந்திருக்கும், என் 100-ம் போயிருக்கும். இதில் என்னென்ன செலவு என்று முடிவு செய்வதும் அவர்கள்தான், கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை எனக்கு இல்லை. முன்பணத்தைத் திரும்பப் பிடிப்பது இசைத் துறையில் வழக்கம்தான், அதில் குறை சொல்ல முடியாது. கணக்குப் பார்க்கும் உரிமையே இல்லாமல் பிடிப்பதைத்தான் நான் சொல்கிறேன்.

அப்புறம் இன்னொரு வரி: அடுத்தடுத்த பாட்டுகளை அவர்கள் 'விரும்பினால்' வெளியிடுவார்கள், ஆனால் நான் வேறு யாரிடமும் போகக்கூடாது. வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஒப்பந்தம் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணமே இருக்கிறது. இங்கிலாந்துப் பாடகி ரே 2014-ல் ஒரு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். ஆல்பம் வெளியிட விடாமல் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார், பிரிந்து வந்தார், 2023-ல் சுயாதீனமாகவே முதல் ஆல்பத்தை வெளியிட்டார், 2024 பிரிட் விருதுகளில் ஒரே இரவில் 6 விருதுகள் வாங்கினார். அவ்வளவு திறமையும் ஏழு வருடம் ஒரு தாளுக்குள் அடைந்து கிடந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். கையெழுத்தாகிச் சில வாரங்களில் என் டிஸ்ட்ரிப்யூட்டரிடமிருந்து, அதாவது என் பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களில் ஏற்றித் தருகிற நிறுவனத்திடமிருந்து, மின்னஞ்சல். என் பாட்டில் செயற்கையான ஸ்ட்ரீம்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன, பாட்டு நீக்கப்படுகிறது, அபராதம் என் கணக்கிலிருந்து கழிக்கப்படும். இந்த அபராதம் எங்கிருந்து வருகிறது என்றால், 2024 முதல் அப்பட்டமான போலி ஸ்ட்ரீம்களைக் கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு பாட்டுக்கும் அதை வெளியிட்ட இசை நிறுவனமான லேபிளிடமோ டிஸ்ட்ரிப்யூட்டரிடமோ கட்டணம் வசூலிக்கிறது, பல டிஸ்ட்ரிப்யூட்டர்கள் அதை அப்படியே கலைஞர் தலையில் கட்டிவிடுகிறார்கள். போலியை ஓட்டியது யார் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, பாட்டு யார் கணக்கில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. நிறுவனத்தைக் கூப்பிட்டால், "நாங்க பிளேலிஸ்ட்ல போட்டோம், யார் கேட்டாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்" என்று பதில். ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தைக் காட்டினேன், அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

பாட்டு போனது, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கு முன், அதே பாட்டின் பின்னணி இசையை ஓடவிட்டு நானே பாடிய ஒரு வீடியோவை யூடியூபில் போட்டேன். போட்ட கையோடு உரிமைக் கோரல் வந்தது, கோரியவர் இடத்தில் அந்த நிறுவனத்தின் பெயர். நான் என் அறையில் எழுதி, என் குரலில் பாடிய பாட்டுக்கு வருகிற வருமானம் இனி அவர்களுக்கு என்று திரையில் வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பதிவு செய்து வைத்த ஒலிப்பதிவு எந்த வீடியோவில் வந்தாலும் யூடியூப் தானாகவே கண்டுபிடித்து உரிமையாளர் பெயரில் கோரல் போடுகிற, கன்டென்ட் ஐடி என்கிற இந்த ஏற்பாடு 2007-லிருந்து இருக்கிறது. தனிக் கலைஞர்களுக்கு நேரடியாகக் கிடைக்காது, டிஸ்ட்ரிப்யூட்டர் போன்ற இடையில் இருப்பவர்கள் மூலமாகத்தான் போக முடியும். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம், ஸ்டூடியோ ஏற்பாடோ வீடியோவோ இல்லை, என் ஒலிப்பதிவைத் தங்கள் பெயரில் அதில் பதிவு செய்தது.

இப்படி நடந்தால் தள்ளிப்போடாமல் ஆட்சேபம் தெரிவியுங்கள். கோரல் வந்த 5 நாட்களுக்குள் ஆட்சேபித்தால், அந்தக் கோரல் தொடங்கியதிலிருந்து வரும் வருமானத்தை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைக்கும், தாமதித்தால் இடைப்பட்ட நாட்களுக்கான பணம் எதிராளிக்குப் போய்விடும். கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். என் விஷயத்தில் அவர்கள் ஆட்சேபத்தை நிராகரித்தார்கள், அதன் பிறகுதான் வக்கீலிடம் போனேன்.

அந்த அக்கா ஒப்பந்தத்தைப் பென்சிலோடு படித்தார். மாஸ்டர் போயிருக்கிறது, அதை மீட்க நேரமாகும், ஆனால் ஆக்கம் எந்த வரியிலும் மாற்றப்படவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதாவது வரியும் மெட்டும் இன்னும் என்னுடையவை. அதே பாட்டை மறுபடி பதிவு செய்யலாமா என்று கேட்டேன். டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய மாஸ்டர்கள் 2019-ல் வேறொருவர் கைக்கு விற்கப்பட்டபோது பாட்டுகளை மறுபடி பாடிப் பதிவு செய்து வெளியிட்டாரே, அவரால் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணமே ஆக்கம் அவரிடம் இருந்ததும், மறுபதிவுக்கான தடைக்காலம் முடிந்திருந்ததும்தான். அந்த மாஸ்டர்களை அவர் வாங்கி மீட்க 2025 ஆனது. என் ஒப்பந்தத்திலும் மறுபதிவுத் தடை இருக்கிறது, அதன் காலம் முடியும்வரை அந்தப் பாட்டை நான் மேடையில் பாடலாம், பதிவு செய்து வெளியிட முடியாது.

வழக்குக்கு இப்போது எனக்குக் கைகொடுப்பவை நான் சாதாரணமாக நினைத்த பொருட்கள்: போனில் முணுமுணுத்துப் பதிந்த முதல் மெட்டு, தேதியோடு இருக்கிற ப்ராஜெக்ட் ஃபைல், கிடார் நண்பனுக்கு இரண்டாவது சரணத்தை மாற்றி அனுப்பிய மெசேஜ். இவற்றை அழிக்காதீர்கள். யாரோடாவது சேர்ந்து எழுதினால் யாருக்கு எத்தனை பங்கு என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆக்கத்தை ராயல்டி வசூலிக்கிற சங்கத்தில் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனி அடையாளமாகக் கிடைக்கிற 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்து வையுங்கள்.

பிளேலிஸ்ட் வேண்டுமென்றால் ஸ்பாட்டிஃபையின் சொந்த ஆசிரியர் குழுவுக்குக் கலைஞர் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பலாம், அதற்குக் காசு கிடையாது. வெளியாகும் தேதிக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், அவர்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுப்பாட்டு வரிசையில் அது வந்துவிடும். எடுத்துக்கொள்வார்கள் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. காசுக்கு இத்தனை ஸ்ட்ரீம் நிச்சயம் என்று எழுதிக் கொடுப்பது அந்தத் தளத்தின் விதிகளுக்கே விரோதம், அப்படி ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

என் இரண்டாவது பாட்டை வேறு டிஸ்ட்ரிப்யூட்டர் மூலமாகத் தனியாக வெளியிடப் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் இருக்கிற 'வேறு யாரிடமும் போகக்கூடாது' என்ற வரி செல்லுமா என்பதற்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. ஏழாவது பக்கத்து வரியைப் போல உங்கள் கையில் இருக்கிற தாளிலும் 'வரையறைகள்' பகுதியில் மாஸ்டர் என்றோ, காலவரையின்றி என்றோ இருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் எனக்கு எழுதுங்கள், ஒரே ஆட்களிடம் மாட்டியவர்கள் சேர்ந்து புகார் கொடுத்தால் வலு அதிகம் என்று அந்த அக்கா சொல்கிறார்.