பிஸ்டனா, டயாஃப்ரமா? குளிர்நீருக்கு எந்த ரெகுலேட்டர்?

ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் ஆண்டு முழுவதும் நீர் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். அங்கே ஸ்கூபா டைவிங் செய்ய ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுவிடத் தரும் கருவி) வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின், அதாவது சிலிண்டரில் மாட்டும் பகுதியின், உள்ளமைப்பை.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு மேல் இருக்கும் காற்று, ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சுமார் 10 பாராகக் குறைகிறது. அப்படி விரியும்போது காற்று கடுமையாகக் குளிர்கிறது. சாதாரண பிஸ்டன் வகையில் ஸ்பிரிங்கையும் பிஸ்டனையும் வெளிநீர் நேரடியாகத் தொடும். அந்த நீர் உறைந்தால் பிஸ்டன் திறந்தபடியே சிக்கி, காற்று நிற்காமல் கொட்டும். இதைத்தான் ஃப்ரீ ஃப்ளோ என்கிறோம். டயாஃப்ரம் வகையில் பிஸ்டனுக்குப் பதில் ஒரு சவ்வு வேலை செய்கிறது; சீல் செய்த வகையில் அதற்கு வெளியே இன்னொரு சவ்வும் இருப்பதால், நீர் ஸ்பிரிங் பக்கம் வருவதே இல்லை. மண், உப்பும் உள்ளே போகாது.

பிஸ்டனுக்கும் பெருமை உண்டு: பாகங்கள் குறைவு, சர்வீஸ் எளிது, பேலன்ஸ்டு பிஸ்டன் (சிலிண்டர் அழுத்தம் குறைந்தாலும் சீராக இயங்கும் வகை) ஆழத்திலும் தாராளமாகக் காற்று தரும். வெதுவெதுப்பான கடலுக்கு அதையே தயங்காமல் சொல்வேன். 10 டிகிரிக்குக் கீழே என்றால் என் தேர்வு சீல் செய்த டயாஃப்ரம்தான். ஆனால் அதுவும் உறையவே உறையாது என்று நம்பிவிடக் கூடாது. வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜிலும் பனி கட்டும். நீருக்கு வெளியே வைத்து மூச்சிழுத்துப் பார்ப்பதைத் தவிருங்கள்.

டெக்னிக்கல் டைவிங் (பொழுதுபோக்கு டைவிங்கின் வரம்பைத் தாண்டும் டைவிங்) என்றால் எந்த வகையானாலும் இரண்டு தனித்தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், இரண்டு வால்வு, திருகிப் பொருத்தும் டின் (DIN) இணைப்பு. ஒன்று கொட்டத் தொடங்கினால் அதன் வால்வை மூடிவிட்டு, மற்றதில் மூச்சுவிட்டபடி மேலேறலாம்.