படர்தாமரைக்கு க்ளோட்ரிமசோல் கிரீம்: தடவிப் பார்த்ததில்

கோவையில் மில் வேலை எனக்கு. பெல்ட் இறுகும் இடத்தில் வியர்வை காயவே காயாது. அங்கேதான் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று வந்தது: வட்டமாக, ஓரம் சிவந்து செதில் செதிலாக, நடுவில் மட்டும் தெளிந்த தோல். டாக்டர் எழுதிக் கொடுத்தது க்ளோட்ரிமசோல் 1% கிரீம். காலை, இரவு இருவேளையும் வட்டத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை மெல்லிசாகத் தடவ வேண்டும். பிசுபிசுப்பு குறைவு, சட்டையில் கறையும் இல்லை. ஆனால் அவசரப்படாதீர்கள். அரிப்பு சீக்கிரம் அடங்கும், பூஞ்சை அடங்காது. தடம் மறைந்த பிறகும் ஓரிரு வாரம் தடவணும். மருந்துக்கடையில் முதலில் நீட்டியது ஸ்டீராய்டு கலந்த டியூப். அது அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவ விடும். சீட்டைக் காட்டி க்ளோட்ரிமசோல் மட்டும் உள்ள கிரீமையே கேளுங்கள். டியூப் ரொம்பச் சின்னது, அதுதான் குறை. உடம்பில் பல இடங்களில் பரவியிருந்தால் கிரீம் போதாது, மாத்திரையும் தேவைப்படலாம்.